கால் மாறுது

ஆறு வயதில் எங்களிடம் ஒரு வாளி இருந்தது.
பெயின்ற் வாளி. கம்பிப் பிடி.
பவுசர் வந்த சத்தம் கேட்டால்
தறப்பாள் கொட்டில்களெல்லாம் எழும்பி ஓடும்.
புகழினியும் நானும்
பிடிக்குள் ஒரு காட்டுத்தடியைச் செருகி
ஆளுக்கொரு முனை, தோளில்.

ஒற்றையடிப் பாதை. இரு பக்கமும்
மண்டையோடு கீறின சிவப்புப் பலகை.
முன்னுக்கு நான், பின்னுக்கு அவள்.
எட்டுப் பிசகினால் தண்ணி தளம்பும்.
"கால் மாறுது, கால் மாறுது" என்று
பின்னாலிருந்து கத்துவாள்.
நின்று, மாற்றி வைத்து, திரும்ப நடப்போம்.

கோவம் போட்ட நாளிலும் பவுசர் வந்தது.
கதைக்காமலே தூக்கினோம்.
பாதி வழியில் யாரோ ஒருத்தி
"கால் மாறுது" என்று சொல்லித்தானே ஆகவேண்டும்.
அதோடு கோவம் சரி.

வேறொன்றும் பெரிதாக நினைவில்லை.
பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிப்போய்
சிரிப்பைத் திறக்க முடியாமல்
இரண்டு பேரும் நின்றது.
அவளுடைய ஒற்றைச் செருப்பு, என்னுடைய மற்றச் செருப்பு.

பதினாலில் நிதுசன்.
ரியூசன் கொட்டிலில், விஞ்ஞானக் கொப்பிக்குள்
நாலாய் மடித்த ஒற்றை.
"உம்மை எனக்குப் பிடிச்சிருக்கு."
வகுப்பில் எடி என்று கூப்பிடுகிறவன்
உம்மை என்று எழுதியிருந்தான்.
எனக்கு முதலில் பிடித்தது அந்த உம்மைதான்.
புகழினியிடம் காட்டினேன்.
வாசித்தாள். எழுத்துப்பிழை இரண்டைச்
சிவப்புப் பேனையால் திருத்தினாள்.
"ஆள் பரவாயில்லை" என்றாள்.

அக்கராயன் வாய்க்கால் கட்டில்
அவனும் நானும், நடுவில் இரண்டு சைக்கிளும்.
நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.
கால்களைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்,
என் எட்டுக்கு அவன் எட்டுக் குறைகிறதா என்று.
குறையவில்லை.
பாலத்தடியில் நின்று திரும்பி
"என்ன, ஆமை மாதிரி" என்று சிரித்தான்.

மூன்று தமையன்களுக்குப் பிறகு பிறந்தவன்.
அவர்களுக்குள் விளையாட்டென்றால் முந்துவது.
விழுந்தவனுக்கு முதலில் சிரிப்பு, பிறகு கை.
நான் கணக்கில் பதினெட்டு எடுத்த நாளும்
முதலில் சிரித்தான்.
கை வருமென்று அவனுக்குத் தெரியும்.
எனக்குத் தெரியாது.
நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

மூன்று நாள் கதையில்லை.
கோவம் எந்த இடத்தில் முடியவேண்டுமென்று
அவனுக்கு யாரும் பழக்கியிருக்கவில்லை.
எங்களுக்கென்று ஒரு வாளியும் இல்லை.

புகழினி வீட்டுக் கிணற்றுக்கட்டில் இருந்து அழுதேன்.
அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்,
அதனால் அவளும் அழுதாள்.
"ஒண்டு சொல்லட்டே?" என்றாள்.
"வாளியை நான் எப்பவும் என்ர பக்கம் இழுத்துத்தான் வைப்பன்.
நீ முன்னுக்குப் போறனி, உனக்குத் தெரியாது."

எட்டு வருசம்.
தோளில் இருந்தது சரிபாதிப் பாரமென்று
நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் சிரமதானம்.
கத்தரிப் பாத்திக்குத் தண்ணி.
நான் தடி தேடி எடுத்துக்கொண்டு வர
நிதுசன் வாளியைப் பறித்தான்.
"நீர் விடும், நான் தூக்குறன்."
ஒரு கையில் தூக்கி, ஒரு பக்கம் சாய்ந்து,
பெடியள் விசிலடிக்க, விறுவிறென்று.
பாதித் தண்ணி வழியில்.

"நில்லடா" என்றேன்.
முதன்முதலாக ஒரு டா.
நின்றான்.
"அந்தப் பக்கம் பிடி."
எந்தப் பக்கம் என்று கேட்டான்.
காட்டிக்கொடுத்தேன்.
முன்னுக்கு அவன், பின்னுக்கு நான்.
அவனுக்கு முதுகில் கண்ணில்லை.
வாளியை ஒரு விரற்கடை என் பக்கம் இழுத்தேன்.
பிறகு யோசித்துவிட்டு
நடுவுக்கே தள்ளிவிட்டேன்.

நாலு எட்டுத்தான் வைத்திருப்போம்.
தண்ணி என் சப்பாத்துக்குள்.
குழாயடியில் நின்று புகழினி கத்துகிறாள்,
அதிபரின் அறை வரைக்கும் கேட்க,
"கால் மாறுது! கால் மாறுது!"

நிதுசன் திரும்பிக் கேட்கிறான்,
"என்னவாம் அவள்?"